கேரளாவில் மழையென்றால் புக்கெட்டிலும் மழை

வெளிநாட்டு டூர் பிளான் போடும் வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகூட எடுத்திருக்க மாட்டார்கள், யாராவது ஒருவர் ஃபோனை நீட்டுவார். பளிங்குத் தண்ணீர், வெள்ளை மணல், மூக்கில் ரிப்பன் கட்டிய நீளப் படகு. "புக்கெட்! ஆளுக்கு இவ்வளவுதானாம்!" அரை மணி நேரத்தில் 'தாய்லாந்து டூர்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் பிறந்துவிடும். சாயங்காலத்துக்குள், சின்ன மாமாவைச் சேர்க்காமல் பேசுவதற்காக, 'தாய்லாந்து டூர் ஃபைனல்' என்று இன்னொன்று. காலை டிபன் உண்டா, லக்கேஜ் எத்தனை கிலோ, பாட்டிக்கு வீல்சேர் கிடைக்குமா, தயிருக்கு என்ன வழி, சகலமும் விசாரிப்பார்கள். அந்த ஃபோட்டோ எந்த மாதம் எடுத்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

எடுத்தது பிப்ரவரியில். இவர்கள் போகப்போவதோ மே கடைசியில்.

விலை ஏன் இவ்வளவு குறைவு என்று யாராவது இழுத்தால், டிராவல் ஏஜென்ட் சிரித்துக்கொண்டே "இது க்ரீன் சீசன் சார்" என்பார். கேட்க இதமாக இருக்கும். மழைக்காலத்துக்கு அந்தத் தொழிலில் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. பச்சை எங்கிருந்து வரும்? தண்ணீர் ஊற்றினால்தானே வரும்.

இத்தனைக்கும் இதைக் கண்டுபிடிக்க வானிலை நிபுணர் தேவையே இல்லை. நம் ஊர்க்காரர் தலையில் அந்தக் காலண்டர் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. கேரளாவில் மழை பிடித்திருக்கிறதா? அப்படியானால் தாய்லாந்தின் புக்கெட், கிராபி, மலேசியாவின் லங்காவி, இலங்கையின் காலி, மிரிஸ்ஸ பக்கமும் மழைதான். சென்னையில் கலெக்டர் ஸ்கூலுக்கு லீவு விடுகிறாரா? அப்படியானால் தாய்லாந்தின் கோ சாமுய், மலேசியாவின் பெர்ஹெந்தியான், ரெடாங், இலங்கையின் திருகோணமலை, பாசிக்குடா எல்லாம் நனைந்துகொண்டிருக்கும், அல்லது நனையத் தயாராக இருக்கும். மேற்குப் பார்த்த கரை கேரளாக் கட்சி, கிழக்குப் பார்த்த கரை சென்னைக் கட்சி. இந்த ஒரு வரி தெரிந்தால் டூர் பிளானில் முக்கால்வாசி முடிந்தது.

காரணமும் நாம் ஐந்தாம் வகுப்பில் படித்ததுதான். தென்மேற்குக் காற்று கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து முதலில் முட்டும் கரையில் கொட்டிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றுதான் போகும். குற்றாலத்தில் சாரல் அடிக்கிறபோது தூத்துக்குடியில் மண் பறக்கிறதே, அந்தக் கணக்கு. அக்டோபருக்கு மேல் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வரும். வங்கக் கடலில் அள்ளியதை நமக்கும், தாய்லாந்து வளைகுடாவில் அள்ளியதைச் சாமுய்க்கும் கொட்டும். மீனவர்கள் கச்சான், வாடை என்று சொல்லிவிட்டு வலையை எடுத்து வைக்கிற விஷயம் இது. தாய்லாந்தின் தென்வால் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 44 கிலோமீட்டர் அகலம்தான். ஆனாலும் அதன் இரண்டு கரைக்கும் இரண்டு மழைக்காலம். ஆகவே "தாய்லாந்தில் இப்போ கிளைமேட் எப்படி?" என்பது "இந்தியாவில் இப்போ கிளைமேட் எப்படி?" என்பதற்குச் சமமான கேள்வி. எந்தக் கரை என்று சொன்னால்தான் பதில் வரும்.

நுணுக்கம் ஒன்று உண்டு. கேரளாவில் ஜூன், ஜூலைதான் கொட்டும் மாதங்கள். புக்கெட்டில் மே நடுவில் ஆரம்பித்து அக்டோபர் வரை இழுக்கும், அதிலும் செப்டம்பர், அக்டோபர்தான் உச்சம். செப்டம்பரின் மாதச் சராசரி 300 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். பிப்ரவரியில் அது 50-க்குள் அடங்கும். சாமுய்க்கு நவம்பர்தான் எமன், சராசரியே 400-க்கு மேல். நவம்பர் மாதத்து வேளச்சேரியில் காசு கொடுத்து ரூம் எடுத்துத் தங்குவது போல.

சரி, நமக்கு மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறதா? பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது ஸ்கூல் பிரின்சிபால் கையில் இருக்கிறது. முழு ஆண்டு லீவு, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, அவ்வளவுதான். தேதியை மாற்ற முடியாது, கரையை மாற்றலாம்.

மே மாதம்தான் என்றால் புக்கெட்டை மறந்துவிட்டு சாமுய், அதை ஒட்டிய கோ தாவ் பக்கம் பாருங்கள். வெயில் 32, 33 டிகிரி அடிக்கும், நடுவில் ஒரு மழை வந்து போகும், கடல் பெரும்பாலும் அடங்கி இருக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளுக்கும் அதுவே நல்ல பருவம். பாலி இன்னும் விசேஷம். அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 8 டிகிரியில் இருப்பதால் கணக்கே வேறு: நவம்பர் முதல் மார்ச் வரை மழை, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறட்சி. நம் மே லீவுக்கென்றே செய்து வைத்த மாதிரி. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் ஏறும். தென்கிழக்குக் காற்றில் பக்கத்துத் தீவான நூசா பெனிடாவுக்குப் போகும் படகும் ஆட்டம் போடும். மே அதற்கு முன்பே வந்துவிடுகிறது. மார்ச்சில் பாலிக்கு டிக்கெட் போடுகிறவர்கள் மட்டும் 'நியேபி' எந்த நாள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது 'சக' ஆண்டுக் கணக்கில் அவர்களுடைய வருடப் பிறப்பு, நம் பக்கத்து யுகாதியை ஒட்டி வரும். 2026-இல் மார்ச் 19. அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடிக் கிடக்கும்; டூரிஸ்டாக இருந்தாலும் ஹோட்டல் வாசலைத் தாண்டக் கூடாது, வெளியே விளக்கு தெரியக் கூடாது. ஐந்து நாள் டூரில் ஒரு நாள் மௌன விரதம். பிள்ளைகளுக்கு நல்லதுதான், பெற்றோர்தான் பாவம்.

ஏப்ரல் நடுவில் தாய்லாந்து போனால் மழை இல்லாமலே நனையலாம். 13 முதல் 15 வரை சொங்க்ரான், நம் சித்திரை ஒன்றாம் தேதியின் ஒன்றுவிட்ட சகோதரன். தெருவில் நடக்கும் யார் மேலும் வாளியோடு தண்ணீர் விழும். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு புத்தாண்டு ஃபோட்டோ எடுக்கலாம் என்று ரோட்டில் இறங்குகிறவர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே விவரம் தெரிந்துகொள்வார்கள். வடக்கே சியாங் மாய் பக்கம் மார்ச், ஏப்ரலில் வயலும் காடும் எரிக்கும் புகை. மலை பார்க்கப் போய் மலை எந்தப் பக்கம் என்று விசாரிக்க வேண்டியிருக்கும்.

காலாண்டு லீவு, அதாவது செப்டம்பர் கடைசி, கொஞ்சம் சிக்கலான நேரம். அந்தமான் கடல் பக்கம், அதாவது புக்கெட் இருக்கும் தாய்லாந்தின் மேற்குக் கரையில், உச்ச மழை. அங்கே பெயர் பெற்ற மாயா பே கடற்கரை ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடப்படும். அதே கரையின் சிமிலன் தீவுகள் மே 16 முதல் அக்டோபர் 14 வரை பூட்டு. பாலி அப்போதும் நல்ல பிள்ளை. திருகோணமலை, நிலாவெளி பக்கமும் கடைசிக் கட்ட நல்ல வானிலையைப் பிடித்துவிடலாம். ஒரு விதிவிலக்கு: சைவம் தவிர வேறு தொடாத வீடு என்றால், தேதியும் ஒத்துவந்தால், மழையைப் பொறுத்துக்கொண்டு புக்கெட் போகலாம். பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே அங்கே ஒன்பது நாள் சைவத் திருவிழா வருகிறது. மஞ்சள் கொடி பறக்கும் கடையில் எல்லாமே சைவம். வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. மற்ற நாட்களில் "நோ மீட்" என்றால் தலையாட்டிவிட்டு மீன் சாஸ் ஊற்றும் ஊரில் இது பெரிய வரம்.

அரையாண்டு லீவுக்கு புக்கெட், கிராபி, லங்காவி, இலங்கையின் தென்கரை எல்லாம் தங்கம். விலையும் தங்கம். டிசம்பர் 24, 31 இரவுகளுக்குப் பல பெரிய ஹோட்டல்களில் 'காலா டின்னர்' என்று தலைக்கு ஒரு கட்டாயக் கட்டணம் உண்டு. வேண்டாம் என்று சொல்ல வழி கிடையாது, அறை வாடகையோடு சேர்ந்தே வரும். புக் செய்யும் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் இதைப் படிக்காமல் போனால், வான்கோழிக்கும் சிங்கி இறாலுக்கும் காசு கட்டிவிட்டு நால்வரும் பிரெட்டும் பழமும் சாப்பிட்டு வரலாம்.

இப்படிக் கரையெல்லாம் சரியாகப் பிடித்த பிறகும் ஒரு கலவரம் பாக்கி இருக்கிறது. புறப்படப் பத்து நாள் முன்னால் வீட்டில் யாராவது ஃபோனில் வெதர் ஆப்பைத் திறப்பார்கள். பத்து நாளும் வரிசையாக மேகம், மேகத்துக்குக் கீழே மூன்று சொட்டு, நடுவில் மின்னல். "ஏங்க, பத்து நாளும் மழை போட்டிருக்குதுங்க!" "கேன்சல் பண்ணா எவ்வளவு பிடிப்பான்?" குரூப்பில் பிரார்த்தனை தொடங்கிவிடும். அந்தச் சின்னம் அன்றைக்கு முழுக்க மழை என்று சொல்லவில்லை. நாலு மணிக்கு நாற்பது நிமிடம் ஊற்றினாலும் அந்த ஆப் அதே மேகத்தைத்தான் போடும். 70% என்பதும் மழை வருவதற்கான வாய்ப்பு, நாளில் 70% நேரம் நனைவோம் என்பதாகாது. மணி வாரியாகத் திறந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். பிற்பகல் இடிமழை என்றால் காலை எட்டு மணிக்குப் படகு, மூன்று மணிக்குள் கரை, நாலு மணிக்கு மாலில் ஐஸ்கிரீம் என்று நாளை மாற்றினால் போதும். சிங்கப்பூர், கோலாலம்பூர்க்காரர்கள் வருடம் முழுக்க அப்படித்தான் வாழ்கிறார்கள்.

புக் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு. அந்த ஊரின் நீண்டகாலச் சராசரி அட்டவணையில் மூன்று எண்: மாத மழை, மழை நாட்கள், கடல் அலை அல்லது காற்று வேகம். 100 மில்லிமீட்டருக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். 200 வரை குடும்பத்துக்குப் பொறுமை இருந்தால் சரி. 300 தாண்டினால் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். மூன்றாவது எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மழையே இல்லாத நாளிலும் காற்று இருந்தால் படகு போகாது. அட்டவணை புரியவில்லை என்றால் குறுக்கு வழி உண்டு: அந்தத் தீவின் ஹோட்டல்காரர்கள் எப்போது கடையைச் சாத்துகிறார்கள் என்று பாருங்கள். பெர்ஹெந்தியானில் பெரும்பாலானவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஷட்டரை இறக்கிவிடுவார்கள். காசு வேண்டாம் என்று ஒரு ஹோட்டல்காரர் பூட்டுகிறார் என்றால் அதைவிட நம்பகமான வானிலை அறிக்கை கிடையாது.

ஸ்பீடு போட். இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். படகு வந்ததும் நம் ஆட்கள் பாய்ந்துபோய் முன்னால் இடம் பிடிப்பார்கள், பஸ்ஸில் டிரைவர் பக்கத்து சீட் மாதிரி. படகு வேகம் எடுத்ததும் மூக்குப் பகுதி தூக்கும், அலை உச்சியைத் தாண்டியதும் தண்ணீர் மேல் படார் என்று விழும். காங்கிரீட் தரையில் உட்காரவைத்துத் தூக்கித் தூக்கிப் போடுவது போல இருக்கும். பத்தாவது அடியில் மாமாவின் செல்ஃபி முகம் மாறும், இருபதாவது அடியில் முருகன் பெயர் வரும். ஆட்டம் குறைவாக இருப்பது பின்பக்கம். கொஞ்சம் பெட்ரோல் வாடை, கொஞ்சம் தண்ணீர்த் தெறிப்பு, ஆனால் முதுகு பிழைக்கும். கர்ப்பிணிகளைப் பல நிறுவனங்கள் ஏற்றவே மாட்டார்கள். முதுகுவலிக்காரர்கள் பெரிய ஃபெரியில் போவதே மேல். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து கடலுக்குத்தான். காலையில் வெறும் வயிறும் கூடாது, பஃபே என்று நாலு தட்டும் கூடாது.

கரையில் சிவப்புக் கொடி இருந்தால் முழங்கால்கூட நனைக்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம், அங்கே உயிர்காப்பாளர் இருப்பார். நம்மவர்கள் ஏமாறுவது ஒரு இடத்தில்: இருபக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாகத் தெரியும். "இங்க அலையே இல்ல, வாங்க" என்று பிள்ளைகளை அழைப்பார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்கு ஓடும் வாய்க்கால் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகுதான் திரும்ப வேண்டும்.

தேதி போடும்போது தீவில் தங்குவதை முதலில் வைத்து, கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் ஊரில் வையுங்கள். காற்றில் ஃபெரி நின்றுவிட்டால் ஃப்ளைட் காத்திருக்காது. வெறும் மழை பெய்தது என்பதற்கு டிராவல் இன்சூரன்ஸ் பணம் தராது. புயல் அறிவித்த பிறகு எடுத்த பாலிசியும் பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. ரத்து செய்யக்கூடிய அறைக்கு நூறு இருநூறு அதிகம் கொடுப்பது மேல்.

பெட்டியில் குடைக்கு இடம் வேண்டாம். கடற்காற்றில் ஒரே நிமிடத்தில் அது தாமரையாக மலர்ந்துவிடும். ஆளுக்கு ஒரு மெல்லிய ரெயின்கோட், ஃபோனும் பாஸ்போர்ட்டும் போட 10 லிட்டர் நீர்புகாப் பை, சீக்கிரம் காயும் துணி, கொசு மருந்து. ஜீன்ஸ் ஆளுக்கு ஒன்று போதும், அதையும் படகுக்குப் போடாதீர்கள். அந்த ஈரக் காற்றில் பால்கனியில் இரண்டு நாள் தொங்கினாலும் இடுப்புப் பட்டை காயாது. சொன்னால் கேட்காதவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். ஈரமான ஜீன்ஸைக் கவரில் சுருட்டிப் பெட்டியில் வைப்பார், திரும்பும் நாளில் கவுன்ட்டரில் பெட்டி ஒரு கிலோ கூடுதல் காட்டும். இட்லிப் பொடியை எடுக்க அத்தை விடமாட்டார். கடைசியில் மாமா பாத்ரூம் போய் அதே ஈர ஜீன்ஸை மாட்டிக்கொண்டு, விமானத்து ஏசியில் ஊர் வந்து சேருவார்.