மிக்சி இல்லாத மூன்றரை நாள்

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மாதச் சாமான் வாங்க முந்தின நாளே லிஸ்ட் எழுதி வைத்திருந்தேன். காலையிலிருந்து மழை விடவில்லை, சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்று இரவுதான் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தது. திங்கட்கிழமை விடிந்தபோது சென்னை வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போய்விட்டது. புயல் ஐந்தாம் தேதியே ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்துவிட்டது, ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்தில் தண்ணீர் வடிய நாளானது. எங்களுக்குக் கரண்ட் வந்தது வியாழக்கிழமை சாயங்காலம்.

வீட்டில் நானும் அப்பாவும்தான். முதல் மாடி. கீழ்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் அந்த அக்கா, அவர் கணவர், இரண்டு பிள்ளைகள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். ஆக ஆறு பேர். அக்கா திருநெல்வேலிக்காரர், கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை செய்ய வாங்கியதில் மிச்சமிருந்த அரிசி மாவையும் ஒரு டப்பா மோர் மிளகாயையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். அந்த இரண்டும் இல்லாவிட்டால் எங்கள் பாடு கஷ்டமாகியிருக்கும்.

எங்களிடம் இருந்தது: புழுங்கல் அரிசி நாலு கிலோ போல, துவரம் பருப்பு ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேலே, புளி, மிளகாய் வற்றல், மிளகு, சீரகம், பூண்டு, மூன்று வெங்காயம், கால் பாட்டில் நல்லெண்ணெய், நின்றுபோன ஃப்ரிட்ஜில் இட்லி மாவும் ஒரு கிண்ணம் தயிரும். தக்காளி இல்லை, தேங்காய் இல்லை, பால் எங்கேயும் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம் தண்ணீர். மோட்டார் ஓடாததால் மேல் தொட்டி திங்கள் மத்தியானமே காலி. குடிக்கவும் சமைக்கவும் எங்களிடம் ஒன்று, அக்காவிடம் ஒன்று என இரண்டு 20 லிட்டர் கேன். பாத்திரம் கழுவ, மொட்டை மாடிக் குழாயில் விழுந்த மழைத் தண்ணீரை வாளிகளில் பிடித்து வைத்திருந்தோம். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தூக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், தூக்கினால் லேசாகத்தான் இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது எது கெடும் என்று வரிசை போடுவது. அதனால் திங்கட்கிழமை மாவு. காலையில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். தயிர் அன்று இரவுக்குள் நன்றாகப் புளித்துவிட்டது, அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து மோர்க்களி கிண்டினோம். ஒரு டம்ளர் அரிசி மாவுக்கு இரண்டரை டம்ளர் மோர், உப்பு, கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு (ஒரு சின்ன டப்பாவில் தாளிக்க மட்டும் இருந்தது), மோர் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அது கருஞ்சிவப்பாக மாறியதும் கரைசலை ஊற்றிச் சின்னத் தீயில் கை விடாமல் கிண்ட வேண்டும். வெந்ததா என்று தெரிந்துகொள்ள, விரலைத் தண்ணீரில் நனைத்து மேலே தொட்டுப் பார்ப்பது வழக்கம், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிறம் தெரியாது, பளபளப்பும் தெரியாது, விரல் சொன்னதை மட்டும் நம்பி இறக்கினேன். சரியாக இருந்தது. பிள்ளைகள் மோர் மிளகாயை ஒதுக்கிவிட்டு இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பருப்பு. ஒரு டம்ளர் பருப்பை ஆறு பேருக்குச் சாம்பார் வைத்தால் ஒரே வேளையில் தீர்ந்துவிடும், அதுவும் காய் இல்லாத சாம்பார். துவையல் செய்தால் இரண்டு வேளைக்கு வரும், ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு துவையல் இருந்தால் ஒரு தட்டுச் சோறு இறங்கிவிடும். ஆனால் மிக்சி ஓடாது. அம்மி இல்லை. இருந்தது இஞ்சி பூண்டு தட்டுகிற கையளவு இரும்பு உரல் மட்டும்.

பருப்பையும் ஆறு மிளகாய் வற்றலையும் துளி எண்ணெயில் வாசம் வரும்வரை, சிவக்கச் சிவக்க வறுத்தேன். முதலில் அப்படியே இடித்துப் பார்த்தேன். பாதிப் பருப்பு உரலை விட்டுத் தெறித்தது, மீதி மணல் மாதிரி நறநறவென்று நின்றது, அப்பாவின் பல் செட்டுக்கு ஆகவே ஆகாது. அப்போதுதான் ஒன்று தோன்றியது: வறுத்ததை வெந்நீரில் ஊறப் போட்டால்? பருப்பு மூழ்குகிற அளவு மட்டும் சூடான தண்ணீர் விட்டு மூடி, அரை மணி நேரம் விட்டேன். திறந்தபோது ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்கியது, ஆனால் உள்ளே வறுத்த வாசம் அப்படியே இருந்தது. ஊறாமல் வேக வைத்திருந்தால் அந்த வாசம் கரைந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு இரண்டு ஸ்பூனாகப் போட்டு, நாலு பல் பூண்டும் கொஞ்சம் புளியும் உப்பும் சேர்த்து இடித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது, கை வலித்தது. ஆனால் மிக்சியில் வருகிற வழவழப்பு இல்லாமல், நாக்கில் கொரகொரவென்று, ஒவ்வொரு வாயிலும் பருப்பு பருப்பாகத் தெரிந்தது. தேங்காய் இல்லாதது ஒரு குறையாகவே படவில்லை.

ஊறின தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை, கொட்டும் நிலையும் இல்லை. காப்பி நிறத்தில், வறுத்த பருப்பு வாசத்தோடு இருந்தது. அதை ரசத்துக்கு வைத்துக்கொண்டேன்.

அந்த ரசத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அரிசியை இரண்டு முறைதான் களைந்தோம். முதல் தண்ணீர் பாத்திரம் ஊற வைக்க. இரண்டாவது தண்ணீரில் புளியை ஊற வைத்தேன், அம்மா இருந்தவரை எப்போதும் அப்படித்தான் செய்வார், நான் அதைப் பழைய பழக்கம் என்று விட்டிருந்தேன். தக்காளியும் பருப்பும் இல்லாத ரசம் தண்ணீராக ஓடாமல், அந்தக் களைந்த தண்ணீர் ஒரு மெல்லிய கனம் கொடுத்தது. புளித் தண்ணீர் பச்சை வாசம் போகும்வரை கொதித்த பிறகு, தட்டின மிளகு, சீரகம், பூண்டு, அப்புறம் அந்தப் பருப்புத் தண்ணீர். இதற்குப் பிறகு கொதிக்க விடக்கூடாது. ஓரத்தில் நுரை கூடி நடுவை நோக்கி வருகிறபோதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், விட்டால் மிளகின் மணம் போய்க் காரம் மட்டும் நிற்கும். சாமான் நிறைய இருக்கிற நாளில் இதைத் தவறவிட்டாலும் தக்காளியும் பெருங்காயமும் கொத்தமல்லியும் சேர்ந்து ரசத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. இருப்பதே நாலு சாமான் என்றால், எப்போது போடுகிறோம், எப்போது இறக்குகிறோம் என்பதும் ஒரு சாமான்தான். எனக்கு இது உண்மையில் அந்த அடுப்பங்கரையில்தான் புரிந்தது. பத்து வருஷமாகச் சமைக்கிறேன், சுவை குறைந்தால் கை தானாக எதையாவது சேர்க்கத்தான் போகும், வறுப்பதை ஒரு நிமிடம் கூட்டலாம் என்று யோசித்ததே இல்லை.

சோற்றை வழக்கமாக வடிப்போம். அதற்குத் தண்ணீரும் அதிகம், கேஸும் அதிகம். அதனால் ஒரு மணி நேரம் ஊற வைத்துக் குக்கரில். அப்பா வடித்த சோறுதான் சாப்பிடுவார், குக்கர் சோறு கனம் என்பார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை, மீதி அரிசி மாவில் புளி உப்புமா. இது எனக்கு வரவில்லை. புளித் தண்ணீரில் மாவைத் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, தாளித்த எண்ணெயில் ஊற்றிக் கிண்டக் கிண்ட உதிர் உதிராக வர வேண்டும். அதற்கு எண்ணெய் தாராளமாக வேண்டும். எங்களிடம் பாட்டில் அடியில் இரண்டு விரல்கூட இல்லை. பத்து நிமிடம் கிண்டியும் களி மாதிரி ஒரே உருண்டையாகச் சுருண்டது. அக்கா பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "கிண்டாதீங்க தம்பி, பரப்பி விட்டு மூடி போட்டுருங்க, அடி பிடிச்சாப் பிடிக்கட்டும்" என்றார். தீயைக் குறைத்து மூடி வைத்தோம். ஏழெட்டு நிமிடத்தில் அடியிலிருந்து ஒரு வாசம் வந்தது, கருகல் இல்லை, முறுகல். கரண்டியால் சுரண்டி அடியை மேலே திருப்பி, மறுபடி பரப்பி, மறுபடி மூடி. இப்படி மூன்று தடவை. உதிராக வரவில்லைதான், ஆனால் மெத்தென்ற துண்டுகளுக்கு நடுவே செம்பழுப்பாகக் காந்தல். பிள்ளைகள் இரண்டும் காந்தலை மட்டும் பொறுக்க, அவர்கள் அப்பா சட்டியைப் பிடுங்கிச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை தெருமுனை வரை நடக்க முடிந்தது, பிரெட்டும் தக்காளியும் கிடைத்தன.

அதன் பிறகு மாதத்தில் ஒரு வாரம், பெரும்பாலும் கடைசி வாரம், எதுவும் வாங்காமல் இருப்பதை வைத்தே செய்து பார்க்கிறேன். துவையலுக்குப் பருப்பை வறுத்து ஊற வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது, மிக்சி இருந்தாலும் உரலில்தான். கொள்ளிலும் இதையே செய்தேன், அதற்கு அரை மணி போதாது, ஒன்றரை மணியாவது வேண்டும். கடலைப்பருப்பில் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, இனிப்பு தூக்கலாக இருந்தது.

புளி உப்புமாதான் இன்னும் பிடிபடவில்லை. பொங்கலுக்கு முன்னால் அக்கா தன் வீட்டில் செய்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார், மணல் மாதிரி உதிர்ந்தது. எண்ணெய் எவ்வளவு என்று கேட்டேன், தாராளமாக விட வேண்டும் என்றார். எனக்கு அந்த எண்ணெய் இல்லாமல் அதே உதிர் வேண்டும். மாவை முதலில் வெறும் சட்டியில் வறுத்துவிட்டு, கரைக்காமல், புளித் தண்ணீரைத் தெளித்துப் பிசிறி, இட்லித் தட்டில் ஆவியில் வேக வைத்து, அப்புறம் தாளித்தால் வருமா என்று அடுத்த வாரம் பார்க்கப் போகிறேன்.