வெட்டிய வளையமும் வெட்டாத வளையமும்

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம். வேலூர் வெயிலில் லேப் ஜன்னல்களைத் திறந்து வைத்தாலும் அனல்தான் வரும். அப்படியும் மின்காந்தத் தூண்டல் பாடம் என்றால் எங்கள் வகுப்பில் ஒருவரும் லீவு போடமாட்டோம்.

மேசைமேல் கம்பிச்சுருள் நிற்கும். நடுவே தேனிரும்புக் கம்பிக்கட்டு, சுருளுக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். லாங் பஜாரில் வாங்கிய அலுமினியக் குழாயில் இயற்பியல் சார் தாமே அறுத்த வளையத்தை அதில் மாட்டி, சுவிட்சைப் போடுவார். வளையம் விசுக்கென்று எகிறிப் போய்த் தரையில் உருளும். நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் இரண்டாவது வளையத்தை மாட்டிவிடுவார். அதே குழாயில் அறுத்ததுதான், ஓரிடத்தில் மட்டும் ரம்பத்தால் வெட்டியிருக்கும். சுவிட்ச் போட்டால் அது அசையவே அசையாது.

"இதுலயும் வோல்டேஜ் இருக்குடா. சுத்தி ஓட வழியில்ல. கரண்ட் ஓடலன்னா விசை ஏது?"

காந்தப்புலம் மாறினால் வோல்டேஜ் தூண்டப்படும் என்று ஃபாரடே 1831இல் கண்டதும், தூண்டப்பட்ட கரண்ட் அந்த மாற்றத்தையே எதிர்க்கும் என்று லென்ஸ் 1834இல் சொன்னதும் எனக்குப் புரிந்தது அந்த வெட்டில்தான்.

பிறகு எங்களையே வளையத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்வார். உள்ளங்கையை அது மேலே தள்ளும், கிர்ரென்று அதிரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் விசை விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் கை சுடும், விட்டுவிடுவோம்.

சுருளைக் கார் பேட்டரியில் இணைத்தால் வளையம் ஒரு துள்ளு துள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும். காந்தப்புலம் மாறும் வரைதான் தூண்டல். அப்படியானால், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் புலம் ஏறும்போது தள்ளும் விசை, இறங்கும்போது இழுக்க வேண்டுமே, ஏன் மேலேயே போகிறது? பாடநூல் இதைக் கேட்கவே இல்லை, சார் கேட்டார். வளையத்துக்கும் தன்மின்தூண்டல் உண்டு, அதாவது தன்னில் ஓடும் கரண்ட் மாறுவதைத் தானே எதிர்க்கும் குணம். அதனால் அதில் ஓடும் கரண்ட் தன் வோல்டேஜுக்குப் பின்தங்குகிறது. தள்ளும் நேரம் இழுக்கும் நேரத்தை மிஞ்சுகிறது. கரும்பலகையில் சைன் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டினார். பொறியியல் படிப்பில்கூட இதை இத்தனை தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்களில் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். "உங்க பம்புசெட்டு கொட்டாய்ல இருக்கற மோட்டார்ல, சுத்தற ரோட்டருக்கு ஒயர் போகுதா?" என்று கேட்டார். போகவில்லை! அலுமினியத் தண்டுகள், இரு முனையிலும் அவற்றை இணைக்கும் வளையங்கள், அவ்வளவுதான். சுழலும் காந்தப்புலம் அதில் கரண்டைத் தூண்டி, அதையே பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. முனை வளையங்களை வெட்டி எடுத்துவிட்டால் அதுவும் எங்கள் இரண்டாவது வளையம்போல் சும்மா கிடக்கும். எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் இறைத்தது அந்த விசைதான் என்று தெரிந்த நாளில்தான் நான் மின்பொறியியல் படிப்பதென்று முடிவு செய்தேன்.

லேபுக்குக் கருவி வாங்கித்தர நம் பழைய மாணவர் சங்கம் பணம் திரட்டுவதால் ஒரு வேண்டுகோள். இந்தச் சுருளும் இரண்டு வளையங்களும் பட்டியலில் இருக்கட்டும். கண்ணாடி அலமாரியில் பூட்டிவிடாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். சுருள் சூடேறும் என்பதால், சுவிட்சைச் சில விநாடிகளுக்கு மேல் போட்டு வைக்கக் கூடாது என்று பக்கத்தில் எழுதி ஒட்டினால் போதும்.