தொங்கும் காரில் இறுக்கிய போல்ட்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சான்றிதழான சிஓஇயை இன்னும் 10 வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், இவ்வளவு கொட்டியபிறகு அதே தொய்ந்த சஸ்பென்ஷனில் ஏன் ஓட்ட வேண்டும் என்று போன வருடம் காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் வாங்கினேன். காக்கி புக்கிட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாட்டினார்கள். இரண்டே மணி நேரம், நட்டு முடுக்கும் இம்பாக்ட் கன் 'டர்ர்ர்' என்று அடித்துக்கொண்டே இருந்தது, எனக்கு அந்த வேகத்தைப் பார்த்துப் பெருமை வேறு.

ஏழு மாதத்தில், எங்கள் புளோக் கார்நிறுத்தத்தின் ஹம்ப் ஏறும்போதெல்லாம் பின்பக்கம் 'கடக்' என்றது. வேறொரு இடத்தில் காட்டினேன். அங்கிருந்த அங்கிள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருக்கிறது, சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டே இறுக்கியிருக்கிறார்கள் என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

புஷ் என்பது வெறும் ரப்பர் வளையம் இல்லை. வெளியே ஓர் இரும்புக் கூடு, உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிக்கிடக்கும் ரப்பர். போல்ட்டை முழுசாக இறுக்கினால் உள்குழாய் பிராக்கெட்டோடு சேர்ந்து இறுகிவிடும், அப்புறம் அது சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்க வேண்டும். அதாவது எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. லிஃப்டில் சக்கரம் தொங்க, ஆர்ம் கீழ்நோக்கி இருக்கும்போது இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், ரப்பர் சும்மா நிற்கும்போதே முறுக்கியபடிதான் நிற்கும். கழுத்தைத் திருப்பிவைத்துக்கொண்டே ராத்திரி முழுக்கத் தூங்குவது மாதிரி. அதன் மேல் ஹம்ப் வந்தால் இன்னும் முறுக்கு. லோயரிங் ஸ்பிரிங் போட்டால் கார் இன்னும் தாழ்வாக உட்காரும், அதனால் தொங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் உள்ள இடைவெளி அதிகம், சேதமும் சீக்கிரம்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? புஷ் உள்ள போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் முடுக்கிவிட்டு, காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்து, சக்கரத்தின் மேல் எடை இருக்கும்போது கடைசி இறுக்கு. நான்கு தூண் லிஃப்ட் இருந்தால் கார் தன் சக்கரத்திலேயே நிற்கும், அடியிலும் கை போகும். அது இல்லையென்றால், புது ஸ்பிரிங்கோடு ஒருமுறை இறக்கி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். மறுபடி தூக்கியபின் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை ஏற்றி இறுக்கலாம். பழைய ஸ்பிரிங்கின் அளவை வைத்து ஏற்றினால் பிரயோஜனமில்லை. கார் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

எல்லா போல்ட்டுக்கும் இந்தக் கதை கிடையாது. ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் போல்ட், ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பிடிக்கும் மவுண்ட் நட்டுகள், பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு) நட்டு எல்லாம் தொங்கும்போதே இறுக்கலாம். ஆனால் ஷாக்கின் நடுத்தண்டு நட்டில் இம்பாக்ட் கன் வேண்டாம், தண்டும் சேர்ந்து சுழலும். ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்க வேண்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் புதிதாக வாங்கிவிடுங்கள், காசு ஒன்றும் பெரிதில்லை.

இறுக்கின் அளவு, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள நியூட்டன் மீட்டர்தான், கை உணர்வு இல்லை. சக்கர நட்டிலேயே ஹோண்டாவில் பல மாடலுக்கு 108, டொயோட்டாவில் 103. மரையில் எண்ணெய் தடவினால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும், ஏனென்றால் நாம் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மீதியை உராய்வு தின்றுவிடும். இந்த அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்நிறுத்தத்தில் ஜாக்கி போட்டு உட்கார முடியாது, ஒர்க்‌ஷாப்தான் கதி. கூச்சப்படாமல், "அங்கிள், தரையில இறக்கினப்புறம் ஃபைனல் டைட் பண்ணுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் காரில் அந்த டார்ச் அங்கிள் கிழிந்த புஷ்ஷை மாற்றினார், மற்றவற்றைத் தளர்த்திக் கார் எடையில் மறுபடி இறுக்கினார், ஒவ்வொரு நட்டிலும், இறுக்கியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக, மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. அப்படியே அலைன்மென்டும் பார்த்தாகிவிட்டது. கிழியாத புஷ்கள் இதுவரை சத்தம் போடவில்லை.