ஒமெப்ரசோலை நிப்பாட்டாமல் செய்த பரிசோதனை

அம்மாவின் மலம் எடுத்த போத்தலை ஐஸ்கட்டியோடு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாண டவுனுக்கு மினிபஸ்ஸில் மூன்று தரம் கொண்டுபோன ஆள் நான். ஒரு தரம் போதும் என்பது இப்போதுதான் தெரிகிறது. வீட்டில் யாராவது வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் எச் பைலோரி கிருமிக்கு மருந்து எடுத்தால் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

அம்மாவுக்கு இருபது வருடமாகக் காஸ்ட்ரிக். உறைப்பைக் குறை, நேரத்துக்குச் சாப்பிடு, கண்டதையும் யோசிக்காதே, எரிந்தால் அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் குளிசை போடு, இவ்வளவுதான் வைத்தியம். இந்த வருடம் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. அதையும் இரும்புக் குளிசையால் என்று சொல்லிக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டா. அப்படி இருக்கவே கூடாது, அது உள்ளே இரத்தம் கசிவதாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி நாங்கள் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. முன்சிறுகுடலில் புண், கிருமியும் இருக்கிறது என்றார்கள்.

புண்ணுக்குக் காரணம் கொச்சிக்காய்த் தூள் இல்லை, ஒரு பக்டீரியா என்றதும் அம்மா என்னைப் பார்த்த பார்வை! இருபது வருடம் பத்தியக் குழம்பு சாப்பிட்ட மனிசி. இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. அவுஸ்திரேலியாவின் பெர்த்தில் பாரி மார்ஷலும் ரொபின் வொரனும் 1982இலேயே இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டிவிட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை என்று மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேர இவ்வளவு காலம்.

மருந்து 14 நாள், கிளரித்ரோமைசின், அமொக்சிசிலின் என்று இரண்டு அன்டிபயோட்டிக்கோடு ஒமெப்ரசோல். இங்கே முதல் சிக்கல். அம்மாவுக்கு இரண்டு கிளினிக், இரண்டு கொப்பி. பிரஷர், கொலஸ்ட்ரோல் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். "அந்தக் கொப்பி இல்லாமல் எழுதமாட்டன்" என்று டொக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அரை நாள் லீவு போட்டு வந்தவள். திரும்ப ஓட்டோ பிடித்துப் போய் எடுத்து வந்தேன். பார்த்தால், கொலஸ்ட்ரோலுக்கு அம்மா போடுவது சிம்வாஸ்டாட்டின். அதோடு கிளரித்ரோமைசின் சேர்ந்தால் தசையே பழுதாகலாமாம், ஆகவே மருந்து முடியும் மட்டும் அதை நிறுத்தச் சொன்னார். கோபம் அப்படியே அடங்கிப்போனது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் முதலே சொல்லுங்கள், அமொக்சிசிலினும் அந்தக் குடும்பம்தான்.

பதினாலு நாளும் வாயெல்லாம் கசப்பு என்று புறுபுறுத்தாலும் ஒரு குளிசையும் விடவில்லை.

கிருமி போய்விட்டதா என்று பார்க்க அன்டிபயோட்டிக் முடிந்து நாலு கிழமையாவது பொறுக்க வேண்டும் என்று துண்டில் எழுதியிருந்தது. பொறுத்தோம். தனியார் லாப் ஒன்றில் மலத்தைக் கொடுத்தோம், நெகட்டிவ் வந்தது, வீட்டில் பாயாசம் வைத்தோம். டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒமெப்ரசோலை நிப்பாட்டிப்போட்டோ செய்தனீங்கள்?"

இல்லை. ஒருவரும் சொல்லவில்லை. துண்டில் இல்லை, சாம்பிள் வாங்கிய பிள்ளையும் கேட்கவில்லை. அந்தக் குளிசை கிருமியை அமுக்கி வைத்திருக்குமாம், உள்ளே இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். இரண்டு கிழமை நிறுத்திவிட்டுச் செய்தால்தான் கணக்கு. பாயாசம் வீண். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அஸ்பிரின் போடுபவர்கள் முக்கியமாகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எரிவுக்கு அம்மாவுக்குப் பாணி மருந்து தந்தார்கள்.)

இரண்டாம் தரம் போன நாள் போயா, பௌர்ணமி லீவு. சாம்பிள் கொழும்புக்குத்தான் போகிறது, போயாவில் வாகனம் இல்லை. கலண்டரைப் பார்க்காதது என் பிழை, அதற்கு ஆரையும் நோக ஏலாது. பெர்த்தில் ஈஸ்டர் லீவு வந்து கிருமி வளர்க்கிற தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் கிடந்தபடியால்தான் இந்தக் கிருமி முதன்முதல் வளர்ந்து அகப்பட்டதாம். அவர்களுக்கு லீவு நோபல் பரிசு கொடுத்தது, எனக்குப் போக்குவரத்துச் செலவு.

மூன்றாம் தரம் கவுண்டரில் இருந்தவர், "ஏன் அக்கா இந்தக் கரைச்சல், இரத்தத்தில பாப்பம், கெதியா வரும்" என்றார். நல்லகாலம் முதலே கேட்டு வைத்திருந்தேன். கிருமி செத்த பிறகும் இரத்தத்தில் அதன் எதிர்ப்புப்பொருள் மாதக்கணக்கில் கிடக்கும், குணமானதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் பற்றுச்சீட்டுக்குக் காத்திருந்தேன்.

நெகட்டிவ். இந்தமுறை உண்மையாகவே. அந்த ஞாயிறே அம்மா ஒடியல் கூழ் காய்ச்சினா, கண்ணால் தண்ணீர் வருகிற உறைப்பு.

அடுத்த மாதம் பிரஷர் கிளினிக்கில் மருந்துத் துண்டை வாங்கிப் பார்த்தால் கடைசி வரியில் ஒமெப்ரசோல், போன மாதத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள். திரும்ப உள்ளே போய் ரிப்போட்டைக் காட்டினேன். டொக்டர் ஒன்றும் பேசாமல் அந்த வரியை வெட்டிவிட்டுத் தந்தார். ரிப்போட்டை இப்போது கொப்பியின் முதல் பக்கத்திலேயே பின் அடித்து வைத்திருக்கிறேன், இரண்டு கொப்பியிலும்.