கேட்டுப் போனவர்கள் நோட்டு

20 ஜனவரி 2025, திங்கள்

இந்த வாரத்தோடு குன்னூர்ப் புத்தகக் கடையில் என் வேலை முடிகிறது. பிப்ரவரி 3 அன்று திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் சேர வேண்டும். கடை நடத்தும் டீச்சரிடம் டிசம்பரிலேயே சொல்லிவிட்டேன். "நல்லது, போய் வா" என்று சொல்லிவிட்டுப் பார்சல் ரசீதுகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். கொஞ்சமாவது முகம் வாடுவார் என்று எதிர்பார்த்தேன். நான்கு வருடமாகப் பார்க்கிறேன், இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் நீலகிரிப் படகர்களின் ஊரான பக்கத்து ஹட்டியைச் சேர்ந்தவள், பி.காம். முடித்தவள். காலையில் கழிவுக் கணக்கை, அதாவது தள்ளுபடிக் கணக்கை, சொல்லிக் கொடுத்தேன். பதிப்பகத்தார் நூற்றுக்கு முப்பதோ முப்பத்தைந்தோ விடுவார்கள். அதில் பத்து வாங்குபவருக்குப் போய்விடும். மேட்டுப்பாளையம் வரை ஒரு லாரிக் கூலி, அங்கிருந்து மலை ஏற இன்னொரு கூலி. மனக்கணக்காகவே போட்டுப் பார்த்துவிட்டு, "பிறகு கடை எப்படி நடக்கிறது, அக்கா?" என்றாள்.

மலை ரயில் படம் போட்ட அஞ்சல் அட்டைகளைக் காட்டினேன். 2005இல் யுனெஸ்கோ அந்த ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று டீச்சர் வருடாவருடம் சொல்வார். இன்னும் எழுதவில்லை.

22 ஜனவரி, புதன்

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் கடைத் தரை சிமெண்ட். அதையும் துளைத்துக்கொண்டு கால் விரலுக்கு வருகிறது. ஆனால் பத்து மணிக்கு மேல் வருகிற வெயிலுக்கு ஈடு கிடையாது. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் புத்தகத்துக்கு எமன். அட்டை உப்பிவிடும், ஓரங்களில் பூஞ்சணம் பூக்கும், பிரித்தால் பழைய பாய் வாசனை வரும். அதனால் பொங்கல் முடிந்ததும் புத்தகங்களை வெளியே எடுத்து ஆற்றுவது வழக்கம். இன்று அதைத்தான் செய்தோம்.

நேர் வெயிலில் வைத்தால் தாள் பழுத்துவிடும். திண்ணை நிழலில், காற்றுப் படும்படி, விசிறி மாதிரிப் பக்கங்களை விரித்து நிறுத்த வேண்டும். பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் வெளிப்பக்கமாகவே துடைக்க வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது. இராமபாணப் பூச்சி துளைத்த புத்தகம் ஒன்று அகப்பட்டது. முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை ஒரே நேர்க்கோடு. அந்த அளவுக்கு விடாமல் படித்த வாசகரை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

அலமாரிக்குள் போட வேப்பிலை வேண்டும். இந்தக் குளிருக்கு வேம்பு இங்கே தழைக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு நடத்துநர் வருடம் தவறாமல் ஒரு கட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார். கூலியாக மகளுக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கிக்கொள்வார். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாளாம். இந்த முறை கதைப் புத்தகம் வேண்டாம், போட்டித் தேர்வுக் கையேடு வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கட்டு மட்டும் அதே அளவுதான். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். நான் விலையைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

25 ஜனவரி, சனி

கடைசி நாள். எப்படிப் போகும் என்று பயந்திருந்தேனோ அப்படிப் போகவில்லை.

காலையில் கடை திறந்தபோது மூச்சு புகையாக வந்தது. புதிய பெண்ணிடம் நோட்டை ஒப்படைப்பதுதான் இன்று என் முதல் வேலை. நோட்டு என்றால் 'கேட்டுப் போனவர்கள் நோட்டு'. கடையில் இல்லாத புத்தகத்தை யாராவது கேட்டால் அதில் எழுதி வைப்போம். பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் அவர்கள் என்ன சொன்னார்களோ அது. பாதிப் பேருக்குத் தலைப்பு நினைவிருக்காது. 'பள்ளியில் படித்தது, கடைசியில் நாய் சாகும்.' 'கம்பராமாயணம், ஆனால் பெரியது வேண்டாம்.' 'தாத்தா வைத்திருந்த வைத்திய நூல், முன்பக்கம் இல்லை.' அலமாரியில் இருப்பதை யாரும் எண்ணிவிடலாம். இல்லாததற்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை நான் இங்கேதான் கற்றேன். அவளிடம் இதை இப்படியெல்லாம் சொல்லவில்லை. "மையில் எழுது, பென்சில் அழிந்துவிடும்" என்றேன்.

பத்தரை மணிவாக்கில் நீராவி எஞ்சினின் ஊதல் கேட்டது. சற்று நேரத்தில் அந்த ரயிலில் வந்த குடும்பம் ஒன்று உள்ளே நுழைந்தது. எட்டு வயதுப் பையன். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தானாம். அறுபதுக்கு மேல் தூக்கம் வந்துவிட்டது. ஊட்டி வரை மொத்தம் 208 என்றதும் முகம் சுருங்கியது. உடனே அடுத்த கேள்வி: "எஞ்சின் ஏன் முன்னால் இழுக்காமல் பின்னால் தள்ளுகிறது?" இதற்குப் பதில் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்றால்தான் ஒரு பெட்டி கழன்றாலும் பள்ளத்தை நோக்கி ஓடிவிடாமல் தாங்க முடியும். 1899இல் குன்னூருக்கு ரயில் வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. பையன் யோசித்துவிட்டு, "அப்பா என்னைச் சைக்கிளில் தள்ளுவது மாதிரி" என்றான். அவ்வளவுதான். நான்கு வருடமாக நான் கை காலை ஆட்டி விளக்கி வந்த விஷயம்.

பதினொன்றரைக்குக் காட்டுமாடு வந்தது. பெரிய கடா. சந்தின் நடுவில் நின்று, எதிர்வீட்டுத் தொட்டியில் இருந்த சாமந்தியை ஒவ்வொன்றாகத் தின்றது. கடைக்குள் ஆறு பேர். யாரும் அசையவில்லை. டீச்சர் கதவை மெல்லச் சாத்திவிட்டு, "நிதானமாகப் பாருங்கள்" என்று மாட்டைச் சொன்னாரா புத்தகங்களைச் சொன்னாரா என்று தெரியாத குரலில் சொன்னார். புதிய பெண் மட்டும் பில் புத்தகத்துக்குக் கார்பன் தாள் வைத்துக்கொண்டிருந்தாள். "எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இது தினமும் வரும், அக்கா. தானே போய்விடும்." இருபத்தைந்து நிமிடம் கழித்துத் தானே போனது. சிம்ஸ் பூங்காவுக்கு வழி கேட்க மட்டும் நுழைந்தவர் இரண்டு நாவல்கள் வாங்கிப் போனார். அந்தக் கடாவுக்கும் பத்து சதவீதம் கொடுக்கலாம்.

மதியம் லாரி ஷெட்டிலிருந்து பார்சல் வந்தது. மேலாகவே இருந்தது ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்'. நோட்டில் செப்டம்பரிலிருந்து காத்திருக்கும் வரி அது. கேட்டவர் படகர், வயது எண்பதை ஒட்டி இருக்கும். வெள்ளைத் தலைப்பாகை, சாம்பல் கோட். போன் செய்த அரை மணியில் வந்துவிட்டார். படகர் வாழ்வை வைத்து எழுதிய நாவல், இளவயதில் படித்தாராம். இப்போது தமக்காக அல்ல, பெங்களூரில் இருக்கும் பேத்திக்காக. பேத்திக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"இவ்வளவு பெரிய நாவலை எழுத்துக் கூட்டியா, ஐயா?"

"என்ன அவசரம் அம்மா? குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்து 2030. அதற்குள் முடித்துவிட்டால் போதும். பூக்கும்போது இருவரும் போய்ப் பார்ப்போம்."

நோட்டில் அந்த வரியை அடிக்கும்படி பேனாவைப் புதிய பெண்ணிடம் கொடுத்தேன். ஸ்கேல் வைத்து அடித்தாள். நான் ஒருபோதும் ஸ்கேல் வைத்ததில்லை. அவள் அவரிடம் படக மொழியில் ஏதோ சொல்ல, அவர் உரக்கச் சிரித்தார். நான்கு வருடத்தில் என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது.

பிறகு கூட்டம் இல்லை. மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து வர்க்கியைத் தேநீரில் நனைத்துத் தின்றோம். வர்க்கியை நனைக்கும் நேரம் ஒரு கலை. ஒரு நொடி கூடினால் பாதி டம்ளருக்குள். டீச்சருடையது விழுந்தது. கரண்டியால் எடுத்துத் தின்றார்.

ஆறரைக்குக் கல்லாப்பெட்டியை எண்ணி ஒப்படைத்தேன். எனக்கென்று ஒரு கவிதைத் தொகுப்பை எடுத்து மேசையில் வைத்தேன். சும்மா கொடுப்பார் என்று உள்ளூர நினைத்தது உண்மை. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில் போட்டார். பத்து சதவீதக் கழிவு, சில்லறை சுத்தமாக.

"வேலை ஆறரைக்கு முடிந்துவிட்டது. இப்போது நீ வாடிக்கைக்காரி. வாடிக்கைக்காரி என்றால் திரும்ப வர வேண்டும்."

28 ஜனவரி, செவ்வாய்

ஞாயிறு காலை பஸ் பிடித்து இறங்கிவிட்டேன். பர்லியார் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டில் இரண்டு நாளாக மின்விசிறிக்குக் கீழே கிடக்கிறேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

சாயங்காலம் புதிய பெண் போன் செய்தாள். நோட்டில் என் கையெழுத்து ஓர் இடத்தில் புரியவில்லையாம்.

"பச்சை அட்டை, மரம், மாமனார் என்று எழுதியிருக்கிறீர்கள், அக்கா. கேட்டவர் இப்போது கடையில் நிற்கிறார்."

அவரை நினைவிருக்கிறது. பக்கத்து வெலிங்டனிலிருந்து வரும் அம்மா. மாமனார் தினமும் மடியில் வைத்துப் படித்த புத்தகம், வீடு மாறும்போது தொலைந்துவிட்டது, தலைப்புத் தெரியாது. மாமனார் சாவதற்குள் இன்னொரு பிரதி வாங்கிக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"சரி, அட்டை பச்சையா, மரம் பச்சையா?" என்றாள்.

"அட்டைதான்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.