கேப்பிட்டல் ஹில்லில் ஒரு பெருக்கல் குறி

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கேப்பிட்டல் ஹில் பகுதியின் ரயில் நிலையத்தை ஒட்டிய சதுக்கத்தில், ஒலிபெருக்கிகளை அடுக்கிச் செய்த, ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள பெருக்கல் குறி ஒன்று நிற்கிறது. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களையும், அவர்களைக் கைவிடாமல் தாங்கிய அப்பகுதி மக்களையும் நினைவுகூர 2021-இல் திறக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் பாதையின் முதன்மைப் படைப்பு இது. டகோமாவைச் சேர்ந்த கலைஞர் கிறிஸ்டஃபர் பால் ஜோர்டன், ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்பதைக் குறிக்கும் கூட்டல் குறியைச் சாய்த்து இந்த உருவத்தை அமைத்திருக்கிறார். அழகு என்று சொல்லிவிட முடியாத உருவம். அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

நினைவுச்சின்னம் என்றதும் கல்லில் பொறித்த பெயர் வரிசையைத்தான் எதிர்பார்ப்போம். ஆனால் 1980-களில் இந்தப் பகுதியில் நடந்த வேலையைப் பெயர்கள் சொல்லிவிடாது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி உறவினர் பலரே விலகி நின்ற அந்நாட்களில், 1983-இல் தொடங்கிய 'சிக்கன் சூப் பிரிகேட்' தொண்டர்கள் நோயாளிகளின் வீட்டு வேலைகளைச் செய்து, அவர்களைக் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உணவும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வெள்ளையரல்லாத மக்களிடையே விழிப்புணர்வுப் பணி செய்வதற்கென்றே 1987-இல் தனியாக ஓர் அமைப்பு உருவாயிற்று. எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே கட்டப்பட்ட பெய்லி-பூஷே பராமரிப்பு இல்லம் 1992-இல் திறக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டிருந்தார்கள்.

இந்த உழைப்புக்கும் போராட்டத்துக்கும் உரிய மரியாதையாகச் சதுக்கத்தில் போராட்டப் பதாகைகளின் வடிவிலேயே சிற்பங்கள் நடப்பட்டுள்ளன. ஊர்வலம் முடிந்ததும் குப்பைக்குப் போகிற பொருளை நிரந்தரமாக்கியது நல்ல யோசனை. அங்கிருந்து பாதை அருகிலுள்ள பூங்காவுக்குள் நீள்கிறது. அங்கே ஹொரேஷியோ ஹுங்-யான் லா அமைத்த கண்ணாடிச் சிற்பங்கள் இருக்கின்றன. பதாகைகளுக்குப் பிறகு பார்க்கையில் அவை சற்று அடக்கமாகவே தோன்றுகின்றன.

அந்தப் பூங்காவின் பெயர் கால் ஆண்டர்சன். சியாட்டில் அமைந்துள்ள வாஷிங்டன் மாநிலத்தின் சட்டமன்றத்தில், தாம் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை மறைக்காமல் பணியாற்றிய முதல் உறுப்பினர் அவர். எய்ட்ஸ் நோயால் 1995-இல் இறந்தார். உயிர் காக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை அதற்கு அடுத்த ஆண்டுதான் பரவலாயிற்று. பந்தாட வரும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்குமா என்பது ஐயமே. பாதையை அந்தப் பூங்காவரை கொண்டுவர இந்த ஒரு காரணமே போதும்.