முகப்பில் வாசித்த நாடாளுமன்றக் குறிப்பு

செட்டிநாட்டில் பள்ளத்தூர் என் ஊர். அங்கே எங்கள் தெருக் கடைசி வீட்டில் பலகாரம் போட்டு விற்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். 2024 ஜூனில் ஒரு மத்தியானம், சீப்புச் சீடை சுட்ட எண்ணெய் வாசம் புடவையிலிருந்து போகாமல் அப்படியே எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்தார். மகள் பிரிட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். 2023 செப்டம்பரில் போனவள். மருமகனும் ஐந்து வயதுப் பேரனும் இங்கே. பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்த நேரத்தில், "சட்டம் மாறிவிட்டது, இனிமேல் குடும்பத்தை அழைக்க முடியாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது. அனுப்பிவைத்த ஏஜெண்டோ, வேறு வழி இருக்கிறது, இரண்டரை லட்சம் ஆகும் என்றிருக்கிறார்.

"ஆச்சி, வளையலை வச்சா ஒண்ணரை தேறும். மிச்சத்துக்கு வட்டிக்குத்தான் போகணும். நீங்க படிச்சவுக. இது நெசந்தானான்னு பாத்துச் சொல்லுங்க."

கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள் நான். அதில் பாதிக்கு மேல் குறிப்புதவி மேசையில். வருகிறவர் கேட்கிற கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் அந்த மேசையின் வேலை. இந்த அம்மா கேட்டது விசாவைப் பற்றி. உள்ளே இருந்த கேள்வி, வளையலை வைக்கலாமா வேண்டாமா என்பது. தப்பாகச் சொன்னால் போவது என் பணமில்லை. அதனால் செய்தித்தாள் எதையும் திறக்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தைத் திறந்தேன்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு இருக்கிற நூலகம் 1818-ல் தொடங்கியது. புத்தகம் அடுக்கிவைக்கிற இடம் மட்டுமல்ல அது. சட்டம், குடியேற்றம், ஓய்வூதியம், வீட்டுவசதி, புள்ளிவிவரம் என்று ஒவ்வொரு துறையிலும் தேர்ந்தவர்கள் உட்கார்ந்து எம்.பி.க்களுக்காக எழுதுகிறார்கள். ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே குறிப்புதான். ஒரு மசோதா விவாதத்துக்கு வருவதற்கு முன்னால், அது என்ன செய்கிறது, இப்போதுள்ள சட்டம் என்ன, யார் ஆதரிக்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள், கையில் இருக்கிற சான்று எவ்வளவு என்று குறிப்பு தயாராகிவிடும். இதை நிறைவேற்று, அதைத் தள்ளு என்று ஒரு வரி இருக்காது. எம்.பி. தனியாகக் கேள்வி அனுப்பினால் அவருக்கு மட்டும் ரகசியமாகப் பதில் போகும். தொகுதி மக்கள் விசாச் சிக்கலோடு எம்.பி. அலுவலகத்துக்கு வந்தால், அங்கே இருக்கிற உதவியாளர் முதலில் தேடுவதும் இந்தக் குறிப்புகளைத்தான்.

2024-ல் மாறிய விசா விதிகளைப் பற்றிய குறிப்பு அங்கே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துவர முடியாது என்ற விதி 2024 மார்ச் 11 முதல் நடப்புக்கு வந்திருந்தது. அதுவரை வாட்ஸ்அப் சொன்னது சரி. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னாலேயே அந்த விசாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது. அவர்கள் குடும்பத்தைக் கூப்பிடலாம். இவர் மகள் போனது 2023 செப்டம்பர்.

ஒரு தடவை படித்தால் போதாது என்று பிரிட்டிஷ் அரசின் விசாப் பக்கத்தையும் திறந்து ஒப்பிட்டேன். அதுவும் அதையே சொன்னது. மகளுக்குப் போன் போட்டு, வேலைக்குச் சேர்ந்த தேதி, ஸ்பான்சர் கடிதத் தேதி இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் பொருந்தியது. "வளையலைக் கழட்டாதீங்க" என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"இதை யாரு ஆச்சி எழுதுனது?"

"அந்த ஊரு எம்.பி.மாருக்கு, அங்க லைப்ரரியில இருக்கறவுக எழுதிக் குடுத்தது."

"எம்.பி.க்கு எழுதுனதை நாம படிக்கலாமா?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதன் உறுப்பினர்களுக்காக எழுதுகிற ஆய்வுச் சேவை 1914-ல் தொடங்கியது. காங்கிரஸ் நூலகத்தின் ஒரு பிரிவு. அதன் அறிக்கைகளை எல்லோரும் படிக்கலாம் என்று சட்டம் போட 2018 வரை ஆயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் மக்கள் வரிப்பணத்தில் எழுதி, உறுப்பினர் மனது வைத்தால் வெளியே வரும் என்ற நிலை. பள்ளத்தூரில் பலகாரம் போடுகிறவர் அரை மணி நேரத்தில் கேட்டுவிட்டதற்கு அங்கே பதில் கிடைக்க அத்தனை காலம்.

அன்று ராத்திரி காமன்ஸ் சபை நூலகத்தின் குறிப்புகளை ஒன்றுவிட்டு ஒன்று படித்துக்கொண்டிருந்தேன். 2023 செப்டம்பரோடு முடிந்த ஒரு வருஷத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பராமரிப்பு ஊழியர்களோடு 1 லட்சத்து 20 ஆயிரம் குடும்பத்தினர் வந்தார்கள் என்பதுதான் பிரிட்டிஷ் அரசு தடைக்குச் சொன்ன கணக்கு. எங்கள் தெருப் பையனும் அம்மாவோடு அப்போதே போயிருந்தால் அந்தக் கணக்கில் ஒரு புள்ளியாகச் சேர்த்திருப்பார்கள். மறுபக்கத்தில், 2022-23-ல் இங்கிலாந்தில் முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்புத் துறையில் ஏறத்தாழ 1 லட்சத்து 52 ஆயிரம் இடங்கள் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தன. குடியேற்றம் என்று ஒரு அமைச்சகம் பார்ப்பதும், வயதானவர்களை யார் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவது என்று இன்னொரு அமைச்சகம் பார்ப்பதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். இரண்டையும் ஒரே தாளில் வைத்துக் காட்டினால்தான் கை தூக்குகிறவருக்கு, தான் எதற்குக் கை தூக்குகிறோம் என்று தெரியும்.

எங்கள் செட்டியார் வீடுகளில் அதற்கு ஐந்தொகை என்று பெயர். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் பார்க்க, போன ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்கு முடித்து முதலாளிக்கு அனுப்புகிற தாள். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். நஷ்டத்தை மறைத்து எழுதினவனை அப்புறம் எந்தக் கடையிலும் பெட்டியடியில், பணப்பெட்டிக்குப் பக்கத்தில், உட்காரவைக்க மாட்டார்கள் என்று அப்பச்சி, என் அப்பா, சொல்லும்.

என் ஐயா, அதாவது அப்பச்சியின் தகப்பனார், ரங்கூனில் செட்டியார் கடைகள் இருந்த மொகல் தெருவில் அடுத்தாளாக, ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஆளாக, இருந்தவர். 1942-ல் நடந்தே எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூர் வந்து சேர்ந்தார். அந்த நடையைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசியதில்லை. பர்மாத் தேக்குத் தூணைத் தடவிக்கொண்டு பட்டாலையில், வீட்டுக் கூடத்தில், உட்கார்ந்திருப்பாராம். பர்மா கதையை எங்கள் ஊரில் எல்லோரும் யுத்தத்திலிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு அறிக்கை இருந்தது. அதை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு.

1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்குச் சற்று மேல். நாட்டின் மக்கள்தொகையில் 7 விழுக்காட்டை ஒட்டி. ஆனால் ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாமல் பர்மிய விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்த செட்டியார் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு என்று இருந்த செட்டியார் நிலம் 1937-ல் நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது. எங்கள் ஆட்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை, வட்டிக்குத்தான் போனார்கள் என்பது உண்மை. தன் வயலில் தானே குத்தகைக்காரனாக நின்ற விவசாயிக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யவில்லை என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை எங்கள் வீடுகளில் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

1938-ல் கலவரம். அதன் பிறகு இந்தியர் குடியேற்றத்தை ஆராயச் சொல்லி ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்ற அதிகாரியை நியமித்தார்கள். அவர் கணக்கெடுப்பு, கப்பல் வருகை, கூலி விவரம் எல்லாவற்றையும் அலசி எழுதிய அறிக்கை 1941-ல் வந்தது. இந்தியத் தொழிலாளர்கள் பர்மியர்களை அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து விரட்டினார்கள் என்பதற்குச் சான்றில்லை என்று அதில் எழுதியிருந்தார். அதே வருஷம் ஜூலையில் இந்திய அரசும் பர்மா அரசும் செய்துகொண்ட குடியேற்ற ஒப்பந்தம், உள்ளே வர அனுமதிச் சீட்டு என்று கதவை இறுக்கியது. இந்தியாவில் பெரிய எதிர்ப்பு. அதற்குள் வருஷக் கடைசியில் ரங்கூனில் குண்டு விழுந்துவிட்டது.

பாக்ஸ்டர் அறிக்கையை மொகல் தெருவில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஆங்கிலத்தில் அச்சாகி அரசாங்க மேசைகளுக்குப் போன தாள் அது. தங்களைப் பற்றி எழுதிய கணக்கைப் பார்க்காமலேதான் ஐயா மூட்டையைக் கட்டியிருப்பார்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாடாளுமன்ற நூலகத்தோடு சேர்ந்த ஆய்வு, குறிப்புதவிச் சேவை, லார்டிஸ் என்பார்கள், உறுப்பினர் கேட்டால் தகவல் திரட்டிக் கொடுக்கிறது. வெளியே, 2005 முதல் பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு ஒவ்வொரு மசோதாவுக்கும் சுருக்கம் எழுதிப் பொதுவில் வைக்கிறது. 2010-லிருந்து இளைஞர்களை எம்.பி.க்களோடு ஆய்வு உதவியாளராக அனுப்புகிறது. எங்கள் கல்லூரியில் படித்த பெண் ஒருத்தி அப்படிப் போனாள். மறுநாள் விவாதம் என்றால் முதல் நாள் ராத்திரி வரை மசோதாவின் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே பழைய சட்டத்தின் பிரிவை எழுதி, எம்.பி. காரில் போகும்போது படிக்க இரண்டு பக்கமாகச் சுருக்கித் தருவாளாம். "ஆச்சி, நேரம்தான் இல்ல" என்றாள். அவள் சொன்னது சரி. பதினைந்தாவது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் நாடாளுமன்றக் குழுக்களின் ஆய்வுக்குப் போயின, பதினேழாவதில் 16. குழுவுக்குப் போனால் சான்று கேட்பார்கள், பாதிக்கப்படுகிறவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். போகாவிட்டால் அந்தப் பெண் ராத்திரியில் எழுதுகிற இரண்டு பக்கம்தான்.

2025-ல் வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 11-ல் அறிமுகம், 27-ல் மக்களவையில் நிறைவேற்றம், ஏப்ரல் 4-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 1920, 1939, 1946, 2000-ஆம் ஆண்டுச் சட்டங்கள் நான்கையும் நீக்கிவிட்டு வந்த சட்டம். குழுவுக்கு அனுப்பச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டும் அனுப்பவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. முகாமில் பிறந்து எங்கள் கல்லூரியில் பி.காம் படித்த ஒரு பெண் ஒருநாள் என் மேசைக்கு வந்து, "மேடம், நான் இங்கதானே பிறந்தேன், நான் இந்தியாதானே?" என்று கேட்டாள். 1955 குடியுரிமைச் சட்டத்தை எடுத்து இரண்டு பேரும் படித்தோம். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பே போதும். அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவள் பிறந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. புத்தகத்தை மூடிவிட்டு, வகுப்புக்கு மணி அடித்துவிட்டது என்று எழுந்து போனாள். சட்டம் போடுகிறவர் கையில் இருக்கிற குறிப்பில் அவளுக்கு ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

வெளியே போகிறவர்களுக்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜெண்டு வேலைக்கு அனுப்ப வாங்கக்கூடியது 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. என்று வரம்பு இருக்கிறது. எங்கள் தெருவில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வரம்புக்குள் கொடுத்துப் போனவர் ஒருவரையும் அவர்களுக்குத் தெரியாது. 2015-ல் தமிழ்நாட்டில் வீடுவீடாக எடுத்த புலம்பெயர்வுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகத் தெரிந்தது. கேரளத்தில் 1998 முதல் சில வருஷங்களுக்கு ஒருமுறை இப்படி எடுத்துக்கொண்டே வருகிறார்கள். சட்டமன்றத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களிடம் எண் இருக்கிறது. நாமும் விடாமல் எடுக்க வேண்டும்.

போன மாதம் எங்கள் தொகுதி எம்.பி.க்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று கேள்வி. வெளிநாட்டு வேலை ஏஜெண்டுகள் மீது சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஐந்து வருஷத்தில் எத்தனை புகார் வந்தது, அதில் எத்தனைக்குப் பணம் திரும்பக் கிடைத்தது? முகாமில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி நாடாளுமன்ற நூலகத்தில் கேட்டு ஒரு குறிப்பு வாங்க முடியுமா? அதைத் தமிழில் போட்டு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வைக்க அனுமதி தருவார்களா? மொழிபெயர்க்க நான் இருக்கிறேன், கூலி வேண்டாம் என்றும் எழுதினேன்.

பலகார அம்மாவின் பேரன் 2024 அக்டோபரில் விமானம் ஏறினான். பெட்டியில் துணிக்கு நடுவே மாவுருண்டையும் கைமுறுக்கும் சுற்றிவைத்திருந்தார்கள். 2025 ஜூலை 22 முதல் பிரிட்டன் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது. பக்கத்துத் தெருவில் முன்பணம் கட்டத் தயாராக இருந்த ஒரு பையனை அந்தப் பலகார அம்மாவே என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். "கட்டறதுக்கு முன்ன ஆச்சிகிட்ட அந்த லைப்ரரித் தாளை வாசிக்கச் சொல்லிக் கேளு" என்று அவனை முகப்பில் உட்காரவைத்துவிட்டு, அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று ஓடினார்.